பாதியில் நிற்கும் சால்வைக்கு ஒரு மாலை நேரம்

குன்னூரில் என் வீட்டுக்குப் பின்னல் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஊசி, எந்த நூல், எந்த டிசைன் என்றுதான். இரண்டு மூன்று மாதம் கழித்து அவர்களில் பலர் மீண்டும் வருவார்கள். பையில் ஒரு முழம் பின்னிய சால்வை இருக்கும். ஊசி அதிலேயே குத்தி நிற்கும். "நேரமே கிடைக்கலை அம்மா" என்பார்கள்.

நான் பார்த்தவரை சால்வை பாதியில் நின்றதற்குக் கைத்திறன் குறைவு காரணமாக இருந்ததே இல்லை. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளைப் போட யாருக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை வீட்டில் என்ன நடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் சால்வை முடிவதும் முடியாததும். அதனால் இந்த அறிவுரைகளில் பாதி நூலைப் பற்றியவை, பாதி வீட்டைப் பற்றியவை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

1. ஊசியை எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். தோளில் போட்டுக்கொள்ள நல்ல சால்வை என்றால் 180 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். எட்டு இழை உல்லன் நூலில், 4 மில்லிமீட்டர் ஊசியில் (கடையில் இதை 8ஆம் நம்பர் என்பார்கள்), எல்லா வரிசையும் நிட் போட்டுப் பின்னினால் 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 22 கண்ணி வரும். அப்படியானால் அகலத்துக்கு 110 கண்ணி. உயரத்தில் 10 சென்டிமீட்டருக்கு 40 வரிசை என்று வைத்தால் முழு நீளத்துக்கு 720 வரிசை. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 79,200 கண்ணி. புதிதாகப் பின்னுகிறவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போட்டால் மொத்தம் 66 மணி நேரம்.

இதைக் கேட்டு முகம் வாடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாட வேண்டியதில்லை. தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் 88 மாலைகள், அதாவது மூன்று மாதம். செப்டம்பரில் தொடங்கினால் டிசம்பர் உறைபனிக்குச் சால்வை தோளில் இருக்கும். பொறுமை குறைந்தவர்கள் தடித்த நூலும் 5.5 மில்லிமீட்டர் ஊசியும் எடுங்கள். கடையில் அதன் நம்பர் 5. நம்பர் குறையக் குறைய ஊசி தடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதில் 80 கண்ணி, 576 வரிசை, 38 மணி நேரம் போதும். முதல் சால்வைக்கு நான் இதைத்தான் சொல்வேன். அளவு தெரியாமல் தொடங்குகிறவருக்கு இரண்டாவது வாரத்திலேயே "இது முடியாது போலிருக்கே" என்ற எண்ணம் வந்துவிடும். 38 மணி நேரம் என்று தெரிந்தவருக்கு அந்த எண்ணம் வராது.

நூலை மொத்தமாக ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். எட்டு இழையில் சுமார் 400 கிராம் பிடிக்கும், கூடவே ஒரு உருண்டை உபரியாக இருக்கட்டும். ஷேட் நம்பர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, லேபிளில் லாட் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு லாட்டில் சாயம் ஒரு சாயல் மாறும். கடையின் டியூப்லைட்டில் தெரியாத வித்தியாசம் வெயிலில் கோடு போட்டதுபோல் தெரியும்.

2. முக்கோணச் சால்வை பின்னுகிறவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள். பிடரியில் நாலைந்து கண்ணியில் தொடங்கி, போகப்போகக் கண்ணியைக் கூட்டிக்கொண்டே இறங்கும் சால்வை அது. முதல் நாட்களில் வரிசை பறக்கும், மனசும் பறக்கும். ஆனால் 200 வரிசைச் சால்வையில் 100ஆம் வரிசை முடிந்தபோது நீங்கள் பின்னியிருப்பது மொத்த வேலையில் கால் பங்குதான். ஏறத்தாழ 140ஆம் வரிசையில்தான் பாதி வரும். கடைசி 60 வரிசையில் மறுபாதி அடங்கியிருக்கிறது, நூலிலும் பாதி அங்கேதான் போகும். பார்வைக்கு முக்கால்வாசி முடிந்ததுபோல் தெரியும், கையிலோ வரிசை நகரவே நகராது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான முக்கோணச் சால்வைகள் அலமாரிக்குள் போகின்றன. உங்களுக்குச் சோம்பல் என்று வீட்டில் சொல்வார்கள். நம்பாதீர்கள், அது முக்கோணத்தின் கணக்கு. கடைசி 60 வரிசைக்கு முதல் 140 வரிசைக்கு ஆன நாட்களே ஆகும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து உட்காருங்கள்.

3. மாலையில் உங்களுக்கென்று ஒரு நேரத்தைப் பிடியுங்கள். "வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு" என்பது நேரம் ஆகாது. வீட்டு வேலை எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டாலும் சரிவராது. வயிறு நிறைந்ததும் கண் சொருகும், கண்ணி நழுவும், மறுநாள் காலையில் பிரிக்க வேண்டியிருக்கும்.

நான் சொல்வது இருட்டியதற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம். விளக்கேற்றும் வீடோ, மஃரிப் தொழும் வீடோ, குடும்ப ஜெபம் நடக்கும் வீடோ, எல்லா வீட்டிலும் அந்தி சாய்ந்ததும் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறது. அந்த நிறுத்தம் முடிந்த கையோடு உட்காருங்கள். ஏழேகாலிலிருந்து எட்டுவரை என்றால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏற்கெனவே வீட்டில் வேரூன்றிய ஒரு பழக்கத்தை ஒட்டிப் புதுப் பழக்கத்தை வைத்தால் அதை நினைவுபடுத்த யாரும் வேண்டியதில்லை. கடிகாரத்தில் அலாரம் வைத்துப் பின்ன உட்கார்ந்தவர்கள் ஒரு வாரத்தில் அலாரத்தை அணைத்துவிடுகிறார்கள். விளக்கேற்றியதும் உட்கார்ந்தவர்கள் தொடர்கிறார்கள்.

எல்லா நாளும் முடியாது. கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், பரீட்சை வரும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் போதும், முதலில் போட்ட கணக்கைவிடச் சால்வை கொஞ்சம் தள்ளி முடியும், அவ்வளவுதான். விட்டுப்போன நாளை ஈடுகட்டுகிறேன் என்று மறுநாள் இரண்டு மணி நேரம் உட்காராதீர்கள். மணிக்கட்டு வலிக்கும், அடுத்த நாலு நாள் ஊசியைத் தொட மனசு வராது.

4. அந்த முக்கால் மணி நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பதில் வாங்காமல் எந்தச் சால்வையும் முடியாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னல் புத்தகங்களில் இது இருக்காது.

இரவுக்கும் சேர்த்துக் காலையிலேயே குழம்பு வைத்துவிடுங்கள். மாவு அரைக்கும் நாளை வாரத்தில் இரண்டாக வையுங்கள். காய் நறுக்குவதைக் காலையிலேயே முடித்து டப்பாவில் போடுங்கள். இப்படிச் செய்தால் மாலை வேலை தோசை ஊற்றுவதாகச் சுருங்கும். ஊற்றுகிறவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதினாலு வயதுப் பையனுக்குத் தோசை ஊற்ற வரும். வீட்டுக்காரருக்குச் சப்பாத்தி திரட்ட வராவிட்டால் சுட்டு எடுக்கவாவது வரும். "சும்மா உக்காந்து நூல் பின்றதுக்கு நாங்க சமைக்கணுமா" என்று ஒரு குரல் எழும். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கிரிக்கெட் பார்க்க ஒருவருக்கு நேரம் இருக்கிறது, சீரியல் பார்க்க ஒருவருக்கு நேரம் இருக்கிறது, பின்னுவதற்கு ஒருவருக்கு நேரம் இருப்பது அதைவிடக் குறைந்ததல்ல. அந்தச் சால்வை நாளைக்கு அந்த வீட்டிலேயே யாரோ ஒருவர் தோளில்தான் கிடக்கப்போகிறது.

பின்னல் கற்க வரும் ஆண்பிள்ளைகளுக்கும் இதே விதிதான். உங்கள் முக்கால் மணி நேரத்துக்கு ஈடாக வீட்டில் யாருக்கோ வேலை கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் வேறு நேரத்தில் அதைத் திருப்பிச் செய்யுங்கள்.

5. கைபேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். "டிசைனே அதுலதான் இருக்கு அம்மா" என்பார்கள். தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக, பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள். கையால் எழுதும்போதே பாதி டிசைன் மனசில் பதிந்துவிடும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், தவறில்லை. அதைப் பகலில் பாருங்கள். பின்னும் நேரத்தில் அதைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து நிற்கும், பதில் போடக் கை போகும், எந்த வரிசையில் இருந்தோம் என்பது மறந்துபோகும்.

6. டிவியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. அணைத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மாமியாரும் மாமனாரும் இருக்கிற வீட்டில் அவர்களுடைய சீரியலை நிறுத்தச் சொல்வது நியாயமும் இல்லை. எல்லா வரிசையும் நிட் போடும் பின்னலுக்குக் காது போதும், கண் எப்போதாவது திரைக்குப் போய் வரலாம். ஊட்டித் திபெத்தியர் கடைகளில் வியாபாரத்துக்கு நடுவே பின்னிக்கொண்டிருக்கும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் விலை சொல்லிக்கொண்டிருப்பார்கள், விரல் தன்பாட்டுக்கு ஓடும். எளிய பின்னல், பழகிய கை. துளை டிசைன் என்றால் கதை வேறு. நூலைச் சுற்றி ஒரு கண்ணி கூட்டுவதும், இரண்டை ஒன்றாக்கி ஒரு கண்ணி குறைப்பதும் ஒவ்வொரு டிசைன் வரிசையிலும் மாறி மாறி வரும். சீரியலில் யாராவது அழுதால் உங்கள் கணக்கு போய்விடும். அதனால் முதல் சால்வைக்கு எளிய பின்னலே போதும். டிவி இருக்கும் அறையிலேயே உட்காரலாம், வீட்டாரோடும் இருந்ததுபோல் ஆகும்.

எல்லா வரிசையும் நிட் போடுவதில் இன்னொரு நன்மை, துணி சுருளாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று வழவழப்பாகப் பின்னினால் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டுகொண்டே போகும். சால்வைக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஓரமும் தெரியும். சுருளாத பின்னலே அதற்கு ஏற்றது.

7. வெளிச்சம். மேலே தொங்கும் ஒரே பல்பின் கீழ் உட்கார்ந்தால் உங்கள் தலையின் நிழலே பின்னலின்மேல் விழும். தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி ஒரு மேசை விளக்கை வையுங்கள். இரவில் பின்னப்போகிற சால்வைக்குக் கறுப்பும் கருநீலமும் வேண்டாம். மாலை வெளிச்சத்தில் கறுப்பு நூலின் கண்ணியைப் பிரித்துப் பார்க்க இளசுகளுக்கே சிரமம், நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பால்வெள்ளை, சந்தனம், வெளிர்சாம்பல், கிளிப்பச்சை என்று எடுங்கள். ஜூன், ஜூலை மழைக்காற்றில் மின்சாரம் போகும் இரவுகளில் எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் பின்ன வேண்டாம். அன்று ஊசிக்கும் கண்ணுக்கும் ஓய்வு கொடுங்கள்.

8. பின்னல் பை கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். பீரோவில் வைத்தால் எடுக்க ஒரு வேலை, பிரிக்க ஒரு வேலை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கூடையில் ஊசி, நூல், இஞ்ச் டேப், கொஞ்சம் ஊக்கு, ஒரு பென்சில், டிசைன் எழுதிய தாள். இவ்வளவுதான். குழந்தைகள் தவழும் வீட்டில் மட்டும் கூடையை உயரத்தில் வையுங்கள். ஊசிமுனை விளையாட்டல்ல.

9. எண்ணுங்கள். முதல் சால்வையில் பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணிகளை எண்ணிப் பார்ப்பது போதும். துளை டிசைனில் ஒவ்வொரு டிசைன் வரிசைக்குப் பிறகும் எண்ணுங்கள். பத்துப் பத்துக் கண்ணிக்கு ஒரு ஊக்கை மாட்டிவிட்டால் எண்ணுவது சுலபம். அன்றைக்கு நிறுத்தும்போது எத்தனாவது வரிசை என்று தாளில் ஒரு கோடு போடுங்கள். மனசில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு மறுநாள் மாலை ஐந்து நிமிடம் வீணாகும்.

எண்ணுவதன் அருமை தெரிய வேண்டுமானால் நம் மலையிலேயே தோடர் பெண்களின் பூத்தையலைப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் வேலை. துணியில் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே கோணமும் கட்டமும் அமைகின்றன. அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் போர்த்தும் பூத்குளியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்பக்கமும் முன்பக்கம்போலவே சுத்தமாக இருக்கும். கணக்குத் தவறாத கைக்குத்தான் அது வரும். நீங்கள் அந்த அளவுக்கு இப்போதே போக வேண்டியதில்லை. எண்ணும் பழக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வரிசையின் நடுவில் நிறுத்தாதீர்கள். ஊசி இரண்டும் குத்தியபடி ஒரு நாள் கிடந்தால் நடுவில் இருக்கும் கண்ணி இழுபட்டுத் தளர்ந்துவிடும், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்ற குழப்பமும் வரும். சாப்பிடக் கூப்பிட்டால் "இந்த வரிசை முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லலாம். இரண்டு மூன்று நிமிடம், யாரும் பசியில் வாடிவிட மாட்டார்கள்.

10. தப்பு வந்தால் எதைத் திருத்துவது, எதை விடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நழுவிய கண்ணியை விடவே கூடாது. அது ஏணிபோல் கீழே இறங்கிக்கொண்டே போகும். பார்த்த உடனே ஒரு ஊக்கில் அதைப் பிடித்துவிட்டு, குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுங்கள். நிட் போட வேண்டிய இடத்தில் பர்ல் விழுந்திருந்தால், இரண்டு வரிசைக்குள் தெரிந்தால் பிரியுங்கள். இருபது வரிசைக்குக் கீழே தெரிந்தால் விட்டுவிடுங்கள். தோளில் போட்ட பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவரும் வரப்போவதில்லை. முழுதும் பிரித்து மறுபடி தொடங்குகிறேன் என்கிற பிள்ளைகளைக் கண்டால்தான் எனக்குக் கவலை. நாலாம் முறை பிரிக்கும்போது நூலும் நைந்துபோகிறது, ஆசையும் போய்விடுகிறது.

துளை டிசைன் பின்னுகிறவர்களுக்கு ஒரு காப்பு சொல்கிறேன். ஒரு டிசைன் முடிந்து, எண்ணிப் பார்த்துச் சரியாக இருந்தால், வேறு நிறத் தையல் நூலை ஊசியில் கோத்து அந்த வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுங்கள். பின்னால் தப்பு நேர்ந்து பிரிக்க வேண்டி வந்தால் பின்னல் அந்த நூலில் வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே ஒரு கண்ணியும் போகாது.

11. மற்றவர் வேகத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில், முதுகுக் கூடையில் எரிகரி சுமந்து நடந்துகொண்டே பின்னிய பெண்களின் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. அங்கே உன்ஸ்ட் தீவில் பின்னிய மெல்லிய சால்வைகள் கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வரும் என்று பெயர் பெற்றவை. அந்தப் படங்களைக் காட்டி "பாருங்க, நடந்துகிட்டே பின்றாங்க, உங்களுக்கு உக்காந்து பின்ன நேரமில்லையா" என்று யாராவது சொன்னால், முழுக் கதையையும் சொல்லுங்கள். அந்தப் பெண்களுக்கு அது பிழைப்பு. பின்னியதைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு பெரும்பாலும் காசு கொடுக்காமல் பண்டமாகக் கொடுத்தார். அந்த முறையைப் பற்றி அரசு விசாரணை நடந்து 1872இல் அறிக்கையே வந்தது. அவர்கள் நடக்கும்போதும் பின்னியது ஆசையால் அல்ல. நீங்கள் சொந்த நூலில், சொந்த நேரத்தில், பிரியப்பட்டவருக்காகப் பின்னுகிறீர்கள். நிமிடத்துக்கு 20 கண்ணி போதும். அதுவும் வராவிட்டால் 15 போதும்.

12. பாதி முடிந்ததும் ஒரு அலுப்பு வரும், எல்லோருக்கும் வரும். தொடங்கிய புதுமை போய்விட்டது, முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வாரத்தில்தான் கடையில் புது ஷேட் நூல் வந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். வாங்காதீர்கள். இரண்டாவது சால்வை தொடங்கினால் முதலாவது முடியாது, இரண்டாவதும் முடியாது. அலுப்பு வந்த நாட்களில் நாலே வரிசை போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். உட்காராமல் மட்டும் இருக்காதீர்கள். நேரம் கைவிட்டுப் போனால் அந்த முக்கால் மணி நேரத்தை வீட்டில் வேறு யாராவது வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள், திருப்பி வாங்குவது கஷ்டம்.

உடம்பையும் பாருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை மடியில் வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள், ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் தொடர்ந்து வலித்தால் பின்னலை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

13. முடிக்கும் வேலையை மாலையில் செய்யாதீர்கள். இத்தனை நேரம் மாலையைப் பற்றியே பேசிவிட்டு இப்படிச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. கடைசிக் கண்ணிகளை முடிப்பதும், நூல் முனைகளைச் செருகுவதும், நனைத்து விரிப்பதும் அவசரத்தில் கெட்டுப்போகிற வேலைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணிகளை முடிக்க அகலத்தைப்போல் நாலு மடங்கு நூல் மிச்சம் இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் சால்வைக்கு 2 மீட்டர். கடைசி உருண்டை மெலியும்போதே அளந்து பாருங்கள். போதாது என்று தெரிந்தால் இரண்டு வரிசை முன்னதாகவே முடித்துவிடுங்கள், கேட்பார் இல்லை. முடிக்கும் வரிசையை மட்டும் ஒரு நம்பர் தடித்த ஊசியால் போடுங்கள். இறுக்கிப் போட்டால் ஒரு முனை சுருங்கி, சால்வை ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும் நிற்கும்.

நூல் முனைகளை ஒருபோதும் ஒட்ட வெட்டாதீர்கள். பெரிய கண்ணுள்ள மழுங்கிய ஊசியில் கோத்து, பின்பக்கக் கண்ணிகளுக்குள் ஒரு திசையில் கொஞ்சம், திரும்பி எதிர்த்திசையில் கொஞ்சம் என்று செருகிய பிறகே வெட்டுங்கள்.

அடுத்தது நனைத்து விரிப்பது. இதைச் செய்யாமல் சால்வை முடிந்தது என்று சொல்பவர்கள் அரைகுறையாக நிறுத்திவிட்டார்கள் என்பேன். ஊசியிலிருந்து இறங்கிய கம்பளிப் பின்னல் மேடும் பள்ளமுமாக, இறுக்கமாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு இருபது நிமிடம் ஊறவையுங்கள். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. கம்பளி இழையின்மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அப்புறம் துணி தடித்துச் சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே வராது. ஊறியதை இரு கையாலும் ஏந்தித் தூக்குங்கள், ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே நீண்டுவிடும். பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே அழுத்தித் தண்ணீரை வாங்குங்கள். பாயின்மேல் ஒரு பெட்ஷீட் விரித்து அதில் சால்வையைப் பரப்பி, இஞ்ச் டேப் வைத்து அளந்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஓரங்களை நேராகக் குத்துங்கள். நிழலில் தானாகக் காயட்டும். சமவெளியில் ஒரு நாளில் காயும். எங்கள் ஊர் மழைக்காலத்தில் மூன்று நாள் ஆனாலும் ஹீட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். குண்டூசியை எடுக்கும்போது பாருங்கள், கண்ணிகள் ஒரே சீராகப் படிந்து, நீங்கள் கவலைப்பட்ட மேடுபள்ளமெல்லாம் போயிருக்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் உல்லன் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். லேபிளைப் படியுங்கள். அக்ரிலிக் சால்வையையும் இப்படி நனைத்து விரிக்கலாம், கம்பளி அளவுக்கு அது வடிவம் பிடிக்காது. அதற்காக இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். சூட்டில் இழை இளகித் தொய்ந்துபோகும், மீட்க வழியில்லை.

14. பத்திரப்படுத்துவது. கம்பளியை ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம், மடித்து வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தைத்தான் முதலில் தேடும். ஆகவே குளிர்காலம் முடிந்ததும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறி மடிப்பை மாற்றுங்கள்.

15. சால்வை முடிந்த பிறகு அந்த முக்கால் மணி நேரத்தை வீட்டில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு குல்லாவோ, காலுறையோ, இல்லை ஒரு புத்தகமோ, உங்கள் விருப்பம். அந்த நேரத்தில் தோசை ஊற்றப் பழகிய பையன் தோசை ஊற்றிக்கொண்டே இருக்கட்டும்.

ஏற்கெனவே பாதியில் நிற்கும் சால்வை வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இன்றைக்கே அதை வெளியே எடுங்கள், ஊசியில் இருக்கும் கண்ணிகளை எண்ணுங்கள், பின்னியது எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து தாளில் எழுதுங்கள், மீதிக்கு எத்தனை மாலை என்று கணக்குப் போடுங்கள். எங்கே விட்டோம் என்று புரியாதவர்கள் சனிக்கிழமை பகலில் வாருங்கள். ஊசியைக் கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.